ஈயம் பூசுகிறவரின் உப்பு

மேக்ரோ லென்ஸைப் பற்றி உலவும் அறிவுரைகளில் பாதி, பட்டாம்பூச்சி பறந்துவிடுமே என்ற கவலையில் பிறந்தவை. 60 மி.மீ. வாங்கினால் பூச்சியின் மீசையில் போய் முட்டிக்கொள்வீர்கள். 100 என்றால் அரைச் சாண் தள்ளி உட்காரலாம். 180 என்றால் இன்னும் விலகலாம், பணமும் விலகும். எனக்கும் பூச்சிகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் எடுப்பது கல்.

பெரம்பலூர் மாவட்டத்தில், கொளக்காநத்தத்துக்குப் பக்கத்தில் காரை. மழை அரித்து அரித்து அந்தப் பொட்டல் ஓடையும் மேடுமாகப் பிளந்து கிடக்கிறது. களிமண்ணுக்குள் ஜிப்சம் தகடுகள் பளிச்சிடும். நடுவே விரல் நுனி அளவில் கூம்பிய கற்கள்: பெலம்னைட். கணவாய்க்குத் தூரத்து உறவான ஒரு கடலுயிரின் உள்ளோடு. சுமார் பத்துக் கோடி ஆண்டாக அங்கேதான் கிடக்கிறது. நான் மூக்கை வைத்து முகர்ந்தாலும் நகரப்போவதில்லை.

அப்படியானால் குட்டை லென்ஸே போதுமே என்று தோன்றும். போதாது. 60-ஐ வைத்துக்கொண்டு கிட்டே போனால் லென்ஸின் நிழலே கல்லை மூடிவிடுகிறது. கல்லின் வரியும் பள்ளமும் சாய்வெயிலில்தான் எழுந்து நிற்கும். ஆகவே பூச்சிக்காரர்கள் சொல்லும் 90, 100-க்கே நானும் வந்து சேர்கிறேன். அவர்கள் இடைவெளி விடுவது பூச்சிக்காக, நான் விடுவது வெயிலுக்காக.

இன்னொரு சங்கடம் ஆழம். 36 மி.மீ. நீளக் கல், சென்சாரிலும் அதே 36 மி.மீ. நீளத்தில் விழும்படி நெருங்கினால், எஃப் 11 வைத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம்தான் தெளிவாக வரும். கல்லின் முதுகு தெரியும், விலா மங்கிப்போகும். அதற்காகக் குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படம் எடுத்து, கணினியில் அடுக்கி ஒன்றாக்குகிறார்கள். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மொராவியாவில் பிறந்து, 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். பிளான்ஃபோர்டு முதலான நிலவியலாளர்கள் நம் பக்கத்திலிருந்து சேகரித்துப் போன சிப்பி, சங்கு, அம்மோனைட்டுகளைக் கல்கத்தாவில் இருந்தபடி வருணித்து, தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 1874-இல் யார்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்தபோது வயது 36. அந்தத் தொகுதிகளின் கல்லச்சுப் படங்களில் முதுகும் விலாவும் ஒரே கூர்மை. ஓவியரின் கண் ஒவ்வொரு வரியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட படங்களுக்கு ஒரு மரபு உண்டு: வெளிச்சம் இடப்பக்க மேல் மூலையிலிருந்து விழ வேண்டும். மாறினால் மேடு பள்ளமாகத் தெரிந்து தொலைக்கும். இன்னொரு வழக்கம்தான் என்னை வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. கல்லின் துருக்கறையும் திட்டும் வடிவத்தை மறைப்பதால், படமெடுக்கும் முன் அதை வெளுக்கிறார்கள். அம்மோனியம் குளோரைடைக் கண்ணாடிக் குழாயில் இட்டுச் சூடாக்குவார்கள். அது உருகாமல் நேரே ஆவியாகி, கல்லின் மேல் மாவாகப் படியும். நிறம் ஒழிந்து வடிவம் மட்டும் மிஞ்சும். படம் எடுத்தபின் தண்ணீரில் கழுவினால் போயிற்று.

அம்மோனியம் குளோரைடு என்றால் நவச்சாரம். ஜெயங்கொண்டத்தில் பாட்டி வீட்டுத் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். பூவரச மரத்தடியில் சின்னக் குழி தோண்டி, துருத்தியின் மூக்கை மண்ணில் புதைத்து, கரியைப் போட்டு ஊதுவார். பித்தளைப் பாத்திரம் சூடேறியதும் ஒரு சிட்டிகை நவச்சாரம். குப்பென்று வெண்புகை எழும்பும். மூக்கில் ஏறும், கண் கரிக்கும். நாங்கள் ஓடுவோம், உடனே திரும்பி வருவோம். அவர் வெள்ளீயக் குச்சியை ஒரு தடவு தடவி, பஞ்சால் ஒரே சுழற்று சுழற்றுவார். கறுத்துக் கிடந்த உள்வயிறு முழுக்க வெளுத்துவிடும். நவச்சாரம் சூட்டில் பிரிந்து உலோகத்தின் மேலுள்ள கறையைத் தின்றுவிடுவதால்தான் ஈயம் பிடிக்கிறது என்பதைப் பிற்பாடு படித்தேன். அன்றைக்கு அது வெறும் வித்தை.

பாட்டி அந்த வித்தையை நம்புகிறவள் இல்லை. பாத்திரத்தை வாசல் நடைக்கு எடுத்துவந்து, வெயிலுக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். "இந்த ஓரத்துல பஞ்சு படலையே, புளி ஊத்தினா களிம்பு ஏறாதா?" என்பாள். "ஏறாதுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் பாத்திரத்தை மறுபடி நெருப்பில் காட்டுவார். வேலையில் குறை கண்டவள் காசு கொடுக்கையிலும் நாலணா குறைத்துத்தான் கொடுப்பாள். சாய்வெளிச்சத்தின் அருமையை எந்த லென்ஸ் கையேடும் இவ்வளவு உறைக்கும்படி எனக்குச் சொன்னதில்லை. பிறகு எவர்சில்வர் வந்தது, அவர் வரவு நின்றது.

காரையில் நவச்சாரப் புகை போட முடியாது. போடுவதென்றால் கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளி, கல்லூரிச் சுற்றுலாக்கள் பையை நிரப்பிக்கொண்டு போனது போதாதா? அரியலூர்ப் பக்கம், கல்லங்குறிச்சியில், சிப்பிச் சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காகச் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. நம் வீட்டுக் கூரையிலும் நாலு சிப்பி இருக்கலாம். எனவே நான் சாயங்காலம் வரை காத்திருக்கிற கட்சி. நிறத்தை வெயில் எவ்வளவு அடக்குமோ அவ்வளவு போதும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிழல் பக்கமும் கொஞ்சம் தெளியும். அதைப் பிடிக்கக் கைக்கு இடம் வேண்டுமே, அதற்கும் 100 நல்லது.

அளவு காட்ட ஏதாவது வையுங்கள் என்பது மட்டும் கெஞ்சல். அளவு தெரியாத படத்தில் கடுகும் கடப்பாரையும் ஒன்று. 2020-இல் குன்னம் பக்கம் குளம் தோண்டியபோது கிடைத்த கல்லுருண்டைகளை டைனோசர் முட்டை என்று கைப்பேசிகள் ஊர் ஊராகச் சுமந்தன. கடற்படிவு உருண்டைதான் என்று நிலவியலாளர்கள் சொல்லி முடிப்பதற்குள் பாதி தமிழ்நாடு பார்த்தாகிவிட்டது. அளவுகோல் கையில் இல்லாதவர்கள் நாணயம் வைக்கிறார்கள். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 1992-இல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம், 2011-இல் வந்தது ஏறக்குறைய 22. ஆகவே ஆண்டு தெரிகிற பக்கத்தை மேலே வையுங்கள்.