சிக்னல் வந்தது, வேலை?

ரமணாசிரமம் பக்கம் காப்பிக் கடைகளில் வெளிநாட்டுக்காரர்கள் லேப்டாப்பைத் திறந்து அவர்கள் ஊர் வேலையைப் பார்க்கிறார்கள். அதே மாதிரி வேலைக்கு எங்கள் சீனியர்கள் சென்னை பஸ் ஏறுகிறார்கள். ரொம்ப நாளாக உறுத்துகிறது.

கார்டெக்ட் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கியது. கம்பி இழுக்காமல், டவரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வரை போனும் இண்டர்நெட்டும் தரும். வேகம் 35 கிலோபிட், சிரிக்காதீர்கள் :-) 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் கிராமங்களில் அதை வைத்து இண்டர்நெட் மையங்கள் நடந்தன. கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். ஆனால் நடத்தியவர்களுக்கு வருமானம் கட்டவில்லை. சில வருடங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன.

2000-ல் தரமணியில் திறந்த டைடல் பார்க்கோ நிலைத்துவிட்டது, வேலையெல்லாம் சென்னையிலேயே குவிந்தது.

இன்று கிரிவலப் பாதையில் நடந்தபடியே வீடியோ பார்க்கலாம் (பௌர்ணமிக் கூட்டத்தில் மட்டும் திணறும்). பக்கத்து விழுப்புரத்திலும் 2024-ல் மினி டைடல் பார்க் திறந்தார்கள். நல்லதுதான். ஆனால் மேலூரில் கருவிக்குக் குறைவில்லை, காசு கொடுத்து வருகிறவர்கள்தான் போதவில்லை. அதனால் இங்கே ஒரு பார்க் வேண்டும் என்று கேட்கிற நண்பர்களிடம் நான் கேட்பது, அதில் எந்தக் கம்பெனி வாடகைக்கு வரும், நம்மில் எத்தனை பேரை எடுக்கும் என்பதுதான்.