தம்பியின் காரும் தாப்பா மலைச்சாலையும்

என் தம்பிக்குக் கல்யாண ஆசை இன்னும் வரவில்லை. பின்சக்கரங்களால் ஓடும் கார் ஆசை வந்துவிட்டது. ‘இனிஷியல் டி’ பார்த்து வளர்ந்தவன். கையில் பல வருடச் சேமிப்பு. 1983-இல் அறிமுகமான டொயோட்டா ஏ.இ.86-ஆ, 2012-இல் வந்த டொயோட்டா 86-ஆ என்பது அவன் கேள்வி. “எதுவா இருந்தாலும் டூ-வே எல்.எஸ்.டி. போட்டுடணும்கா” என்பது அவன் முடிவு. வானொலியில் கார்களைப் பற்றிப் பேசும் அக்கா என்பதால் என்னிடம் வந்தான்.

அம்மா ரிங்லெட்டில் இருக்கிறார். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில், மழையிலும் அவன் ஓட்டப்போகும் கார் இது. அதனால் பதிலை யோசித்தே சொன்னேன்.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். சாதாரண வகையில் ஒரு சக்கரம் வழுக்கினால், பிடிப்புள்ள மற்றதற்கும் அதே சொற்ப விசைதான் போகும். எல்.எஸ்.டி. அந்தக் குறையைச் சரிசெய்கிறது.

இதில் கிளட்ச் தட்டு வகை முரட்டுப் பிள்ளை. டூ-வே என்றால், எண்ணெய் மிதித்தாலும் காலை எடுத்தாலும் இறுகிக்கொள்ளும். டிரிஃப்டுக்கு அருமை. கார் நிறுத்துமிடத்தில் திருப்பினால் கடகடக்கும், தட்டுகளும் தேயும். டோர்சன் வகை பல்சக்கரங்களால் இயங்குவது, சத்தமில்லாத சாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் மட்டும் திணறும். டொயோட்டா தன் 86-க்குத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

அடுத்தது பின்னச்சு. ஏ.இ.86-இல் இரு பின்சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கிறது. உறுதியானது, எளிமையானது. ஆனால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். டிஃபரன்ஷியலின் எடையும் சேர்ந்தே குதிக்கும். 86-இல் அந்த எடையை வண்டியின் உடல் தாங்குகிறது. சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குகின்றன. மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாது.

தம்பி கவனிக்காதது இன்னொன்று. எல்.எஸ்.டி. புதிதாகப் பிடிப்பைத் தராது. இருப்பதைப் பங்கிடும், அவ்வளவே. ஈரச் சாலையில் சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் பெரும்பாலும் உள்பக்கச் சக்கரம் மட்டும் வீணாய்ச் சுற்றும். மற்றது வண்டியின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்ளும். இறுக்கமான டூ-வேயில் இரண்டும் சேர்ந்தே வழுக்கும்; பின்புறம் வீசிக்கொண்டு போகும். சிப்பாங் பந்தயத் தடத்தில் அதற்கு ஓரத்தில் இடம் இருக்கிறது. தாப்பா சாலையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், எதிரே காய்கறி லாரி.

“86-ஐ வாங்கு. டோர்சனைத் தொடாதே. டூ-வேக்கு வைத்த பணத்தில் முதலில் நான்கு நல்ல டயர் போடு. மிச்சத்தில் சிப்பாங்கில் ஒரு நாள் ஆசை தீர ஓட்டு” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: “சரிக்கா... ஒன்-வேயாவது போட்டுக்கலாமா?”