வேலையைக் குறைச்சுட்டு மரப்படகு செஞ்சு விக்கலாமா? ஒரு டாக்டரின் த்ரெட்

இங்கிலாந்துல என் கிளினிக்குக்கு வர்ற அறுபது வயசுக்காரங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நானும் இப்ப வாரத்துல மூணு நாள்தான் டாக்டர். மிச்ச நாள் கராஜ்ல படகு வேலை. அதனால உங்களுக்காக இந்த த்ரெட் 👇

1/ பயப்படாதீங்க, கத்துக்கலாம். 1962-ல டெய்லி மிரர் பத்திரிகையோட ஆதரவுல 'மிரர்' டிங்கி உருவாச்சு. வடிவமைச்சவங்க பேரி பக்னெல், ஜாக் ஹோல்ட். நீளம் சுமார் 3.3 மீட்டர். பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால தைச்சு, இணைப்புல கண்ணாடியிழை நாடாவும் ரெசினும் வச்சு ஒட்டுற முறை. தச்சு வேலை தெரியாத குடும்பங்களும் வீட்லயே செஞ்சு மிதக்க விட்டாங்க.

2/ தைச்ச படகு நமக்குப் புதுசு இல்ல. சோழமண்டலக் கரையில மசூலா படகுகளை ஆணி இல்லாம தென்னங்கயிறால தைச்சாங்க. அலை தூக்கிக் கரையில போட்டாலும் உடையாம வளைஞ்சு கொடுக்கும். மிரர்ல தையல் ஒட்டு காயுற வரைக்கும்தான். காயத்துக்குப் போடுற தையல் மாதிரியே!

3/ இப்ப முக்கியமான விஷயம்: எபாக்சி. இன்னிக்கு நிறைய பேர் பயன்படுத்துறது இதைத்தான். படகு செஞ்சு வித்துட்டு இருந்த ஒரு பெரியவர், விரல் வெடிச்சு, இமை வீங்கி என்கிட்ட வந்தார். பேட்ச் டெஸ்ட்ல எபாக்சி அலர்ஜி உறுதியாச்சு. இந்த அலர்ஜி ஒருதடவை வந்துட்டா பொதுவா ஆயுசுக்கும் போகாது. கொஞ்சூண்டு பட்டாலும் திரும்ப வரும். பாதிப் படகை அப்படியே விட்டுட்டார். கையில வேலை இல்லாத முதல் மாசம்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

4/ அதனால: லேடெக்ஸ் வேண்டாம், நைட்ரைல் கையுறை போடுங்க, அடிக்கடி மாத்துங்க. தோல்ல பட்டா அசிட்டோன், தின்னர் வச்சுத் துடைக்காதீங்க. சோப்புப் போட்டுக் கழுவுங்க. கலவை அளவு சரியா இருக்கணும். முழுசா இறுகாம உப்புத்தாள் போடாதீங்க, அந்தத் தூசியும் அலர்ஜி தரும்.

5/ மரத்தூள் 'இயற்கைதானே'ன்னு நினைக்காதீங்க. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவுல வச்சிருக்கு. மூக்கு, சைனஸ் புற்றுநோய் வரலாம். தூசி உறிஞ்சியும் பொருத்தமான மாஸ்க்கும் வேணும். துணி மாஸ்க் போதாது.

6/ காசு வருமா? போன வருஷம் ஒரு கேனூவுக்கு 120 மணி நேரம் உழைச்சேன். பொருள் செலவு போக நின்னது, மணிக்கணக்குல பார்த்தா குறைந்தபட்சக் கூலிக்கும் கீழ. இங்க சட்டமும் உண்டு: சொந்த உபயோகத்துக்குன்னு செஞ்ச படகைத் தரச்சான்று இல்லாம அஞ்சு வருஷத்துக்குள்ள விக்க முடியாது. துடுப்பால மட்டும் போற கேனூ, கயாக், 2.5 மீட்டருக்குக் குறைவான படகு எல்லாம் இந்த விதிக்கு வெளியே. அதனாலதான் நான் கேனூவோட நிறுத்திக்கிட்டேன்.

7/ பென்ஷனுக்குப் பதிலா இதை நம்பாதீங்க. பென்ஷனோட சேர்த்துச் செய்யுங்க. ரெசின் வாங்குற அன்னிக்கே கையுறை டப்பாவும் வாங்குங்க. ரிட்டையர் ஆகப்போற யாராவது மரவேலை பத்திப் பேசினா, இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க 🙏