தொரப்பள்ளி தாண்டிய நிழல்

என் சின்ன வயதில், கூடலூரிலிருந்து மைசூர் போகும் பேருந்து தொரப்பள்ளியைத் தாண்டியதும் வெயில் நின்றுவிடும். இருபுறமும் முள்மூங்கில் தூர்கள். கார்குடி வரைக்கும் அந்த நிழல்தான். காற்றடித்தால் கழிகள் உரசி முனகும். யானை ஒடித்துத் தின்ற மிச்சம் சாலையோரம் சிதறிக் கிடக்கும்.

நான் பள்ளியில் படித்தபோது அந்தத் தூர்கள் பூத்தன. இலையெல்லாம் உதிர்ந்து காடே வைக்கோல் நிறமானது. பணியர் பழங்குடிப் பெண்கள் தூரடியைக் கூட்டிப் பெருக்கி மூங்கிலரிசி சேர்த்தார்கள். எங்கள் வீட்டிலும் அதில் கஞ்சி வைத்தோம். “இனி இது பட்டுப் போயிரும். வெதை மொளச்சு வந்தாத்தான் காடு” என்றார் தாத்தா.

முள்மூங்கில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மடியும். அந்தச் சாவு இயற்கையானது. ஆபத்தெல்லாம் அதற்குப் பின்னால்தான். கோடையில் உதிரும் விதைக்குச் சில மாதமே உயிர். அதற்குள் காட்டுத்தீ வந்தால் காய்ந்த கழிகளோடு விதையும் எரியும். தப்பியது முதல் மழையில் புல்லைப் போல முளைக்கும்; மாடும் மானும் அதைப் புல்லாகவே மேயும். மிஞ்சியதை உண்ணிச்செடி மூடும். இப்போது மஞ்சள்கொன்றையும் சேர்ந்துகொண்டது. பெருங்கழி விடும் தூராக அந்த நாற்று வளரப் பல ஆண்டுகள் வேண்டும்.

வளர்ந்த தூருக்கும் மேய்ச்சல் ஆபத்து உண்டு; அதற்குக் காவல் அடிமுள்தான். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில், காகித ஆலைக்கு மூங்கில் வெட்டியவர்கள் அந்த முள்ளை முதலில் கழித்தார்கள். மறைப்பை இழந்த இளங்குருத்துகளை விலங்குகள் தின்று தீர்த்தன. சூழலியலாளர் மாதவ் காட்கில் ஆராய்ந்து சொன்னது இது. அங்கிருந்த கிராமத்தார் முள்ளைத் தொடாமல் மேலே வெட்டும் வழக்கத்தை முன்பே வைத்திருந்தார்கள்.

சமீபத்தில் அந்த வழியே போனேன். நிழல் நின்ற பல இடங்களில் இன்று உண்ணிப்புதர். என் வயதுக்காரர்களுக்கு மட்டுமே அங்கே மூங்கில் இருந்தது தெரியும், அதுதான் வலிக்கிறது. பூத்த காட்டுக்குச் சில ஆண்டு காவல் போதும். தீத்தடுப்புக் கோடு, மேய்ச்சலுக்கு விலக்கு, களைப்புதரை வேரோடு எடுக்கும் உழைப்பு, விதையில் ஒரு பங்கை மண்ணுக்கே விடும் மனசு. நட்டு வளர்க்கச் சொல்லவில்லை. தானாக வருவதை வரவிடச் சொல்கிறேன்.