பத்து மணிக்கு ஊரில் எத்தனை பேர்?

காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு வாய்க்கால் ஓடாத ஊர் ஊராகவே படாது. கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை ரோட்டில் வந்து, ஒரு சிற்றூருக்குப் பாதை பிரிகிற வேப்பமரத்தடியில் இறங்கியபோது எனக்கும் அந்தத் திமிர் இருந்தது. மாசி வெயில். விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்த கரிசல். ஆனால் அந்த வெடிப்புகளுக்கு நடுவே பருத்தி பச்சையாக நின்று காய் வெடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரை இந்த மண் மாதக்கணக்கில் வயிற்றில் வைத்திருக்குமாம். எங்கள் வண்டல் மண்ணுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மரத்தடியில் தூக்குவாளியோடு ஓர் ஆச்சி. மினி பஸ் வந்து நின்றது. "ஏறு ஆச்சி" என்றார் கண்டக்டர். ஆச்சி அசையவில்லை.

"கெவர்மெண்டு பஸ்ஸு சும்மா கூட்டிட்டுப் போகும்போது ஒனக்கு எதுக்குடா துட்டு?"

"அது வர இன்னும் ரெண்டு மணி நேரமாகும். எல்லாரும் இப்பிடியே உக்காந்துட்டா நாங்க வண்டி ஓட்டவா, வேண்டாமா?"

"ஓட்டாட்டி போ!"

2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. பெரிய பஸ் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கென்று 1997-இல் வந்தது மினி பஸ். ஒன்று இன்னொன்றின் வயிற்றில் அடிக்கும் என்பதை இந்த மரத்தடியில்தான் கண்ணால் பார்த்தேன். எனக்கென்னவோ கண்டக்டர் பக்கம்தான் நியாயம் பட்டது. வாயைத் திறக்குமுன் ஆச்சி தூக்குவாளியைத் திறந்துவிட்டார்: மோர் ஊற்றிக் கரைத்த கம்மங்கஞ்சி, சின்ன வெங்காயம், எண்ணெயில் பொரித்த சீனியவரைக்காய் வத்தல். மூடியில் ஊற்றி நீட்டினார். வத்தலின் உப்பும் மொறுமொறுப்பும் நாக்கில் பட்டதும் நான் கட்சி மாறிவிட்டேன்.

பேச்சுக்காக, ஊரில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"எந்நேரத்துல கேக்க?"

ஆச்சி விளையாட்டுக்குக் கேட்கவில்லை. விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். பின்னாலேயே காலேஜ் பஸ், பள்ளிக்கூட வேன். ஆம்பளைகளில் பாதிப் பேர் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும். அம்மன் கொடைக்கு ஊர் கொள்ளாது. "காலையில பத்து மணிக்கு வந்து பாரு, நாய்கூடக் குரைக்காது." அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மருமகளும் அங்கேயே.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிதான். மழைக்காலத்தில் கரிசல் சேறாகிவிட்டால் டவுன் பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிவிடுமாம். ஆபீஸ் வண்டி மட்டும் எப்படியாவது தெருமுனைவரை வந்து, ஆள் வரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டு நிற்குமாம். சென்சஸ் கையேடுகளில் ஊருக்கு ஊர் பஸ் வசதி உண்டா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள் கிடைக்குமா, 10-க்கும் மேலா என்று குறித்திருப்பார்கள். கம்பெனி வண்டிக்கு அதில் கட்டம் கிடையாது. இந்த ஊருக்கு நாள் தவறாமல் வருவதோ அது ஒன்றுதான்.

இதே தூத்துக்குடி மாவட்டத்தில் மீனாட்சிபுரம் என்றோர் ஊர். தண்ணீரில்லாமல் எல்லாரும் கிளம்பிப் போக, ஒரே ஒரு முதியவர் மட்டும் தங்கியிருந்து 2024-இல் அவரும் இறந்துபோனார். உங்கள் ஊரும் அப்படி ஆகிவிடாதா என்று கேட்டேன். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க தண்ணியில்ல. இங்க சாயங்காலம் வண்டி திரும்பி வருதுல்லா?"

ஆச்சி முதலில் கேட்ட "எந்நேரத்துல" என்பதற்கு சென்சஸில் பதில் உண்டு: 2011 கணக்கெடுப்பு, மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணியைக் கணக்கு நேரமாக வைத்துக்கொண்டது. அந்நேரம் தீப்பெட்டி ஆபீஸ்காரப் பெண்கள் எல்லாரும் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அடுத்தது 2027-இல் வருகிறது என்றேன்.

"ராத்திரியிலேயே வரச் சொல்லு. பகல்ல வந்தா என்னையும் எங் கோழியையும்தான் எண்ணிட்டுப் போகணும்" என்றவர், தூரத்தில் பஸ்ஸைக் கண்டதும் தூக்குவாளியை மூடிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.