இரும்பு முள்ளும் கபூர் மரமும்

கெப்போங்கில் ஒரு பட்டறைக்குப் பின்னால் நின்ற அகாசியா மரத்தில்தான் நான் மரம் ஏறப் பழகினேன். கட்டட விரிவாக்கத்துக்காக அடுத்த வாரம் வெட்டப்படவிருந்த மரம் அது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சாகப்போகும் மரத்தில் மட்டுமே முள் கட்டி ஏறலாம் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். மரத்தில் சிக்கியவரைக் காப்பாற்றும் அவசரம் இதற்கு ஒரு விதிவிலக்கு.

பூட்ஸின் உட்பக்கம் கூரான இரும்பு முள். அதைத் தாங்கும் பட்டை முழங்காலுக்குக் கீழ்வரை வரும். இடுப்பில் ஹார்னஸ். மரத்தைச் சுற்றிப் போடும் கயிற்றுக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறது. ரம்பம் பட்டாலும் அது எளிதில் அறுந்துவிடாது.

"மரத்தக் கட்டிப்பிடிக்காத தம்பி!" என்று கீழிருந்து சத்தம் போட்டார் பயிற்சி தந்த அண்ணன். பயம் வந்தால் கை தானாக மரத்தை அணைக்கும். அணைத்தால் முழங்கால் மரத்தோடு ஒட்டும், முள்ளின் கோணம் மாறும், கால் சறுக்கும். பின்னால் சாய்ந்து, உடம்பைக் கயிற்றை நம்பி விட்டால்தான் முள் மரத்தில் இறங்கி நிற்கும். இரண்டு எட்டு, கயிற்றை மேலே தள்ளு. மறுபடி இரண்டு எட்டு. 15 அடியில் என் தொடை நடுங்கியது.

இறங்கிப் பார்த்தால், ஏறிய வழியெல்லாம் ஓட்டை. பட்டைக்கு அடியில்தான் மரத்தை வளர்க்கும் உயிர்ப் படலம் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டையும் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் திறந்த கதவு. தென்னைக்கும் பாக்குக்கும் அந்தப் படலமே கிடையாது. அவற்றில் விழுந்த ஓட்டை கடைசிவரை மூடாது.

அதே கெப்போங்கில்தான் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு இருக்கிறது. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில், 1920களில் தொடங்கி மனிதர்கள் நட்டு வளர்த்த காடு. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே கபூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒன்றின் உச்சி இன்னொன்றைத் தொடாது. இடைவெளியெல்லாம் ஒளி ஆறாக ஓடும்.

வாழவேண்டிய மரத்தில் ஏற வேறு வழி உண்டு. மெல்லிய கயிற்றில் எடைப் பையைக் கட்டிக் கிளைக்கு மேல் எறிந்து, அதன் வழியே பெரிய கயிற்றை ஏற்றி, அந்தக் கயிற்றில்தான் ஏறவேண்டும். நேரம் கூடும்; மரத்துக்குக் காயமில்லை. தமிழ்நாட்டுப் பனையேறிகள் காலில் மாட்டிய தளையும் மரத்தைப் பற்றியது, குத்தவில்லை.

உங்கள் வீட்டு மாமரத்தின் கிளையைக் கழிக்க ஆள் வந்தால், கூலி பேசுமுன் ஒன்று கேளுங்கள்: "முள் போட்டு ஏறுவீங்களா, கயிறு போட்டா?" முள் என்றால், வேறு ஆளைத் தேடுங்கள். அரைமணி நேர வேலைக்காக அந்த மரம் பல வருடங்கள் காயம் சுமக்க வேண்டாம்.