பவர் இல்லாத மாத்திரை

"கவர்மென்ட் மாத்திரையில பவர் இல்லப்பா." அப்பாவின் இந்த ஒரு வாக்கியத்துக்காக எங்கள் வீடு மாதாமாதம் கட்டும் தொகை, ஒரு பட்டுச்சேலைக்கு வரும் கூலியில் நல்ல பங்கைத் தின்றுவிடும். ஆரணியில் தறிக்குழிக்குள் காலை விட்டு ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். இப்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகும் அட்டைகள் சுவர் மாடத்தில், தார்க்குச்சிகளுக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அப்பா விழுங்குவது கடைவீதி மெடிக்கலில் வாங்கியதை.

இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பார்த்தேன். ரத்த அழுத்த மாத்திரையில் இரண்டிலும் அம்லோடிபின் 5 மி.கி. என்றே இருக்கிறது. ஒன்றில் தமிழ்நாடு அரசு முத்திரை, விற்பனைக்கு அல்ல என்ற எச்சரிக்கை. மற்றொன்றில் பளபளப்பான ஒரு பெயரும் எம்.ஆர்.பி.யும். உள்ளே இருப்பது ஒன்றுதான் என்றால் இந்தப் 'பவர்' எங்கே பிறந்தது? அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் விலையை வைத்தது யார்?

மாமாவைக் கேட்டால் கதை இந்திரா காந்தியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். 1970இல் சட்டம் போட்டார், மருந்து விலை இறங்கியது, இனி இறக்குவதானாலும் டெல்லிதான் இறக்க வேண்டும். பள்ளி ஆசிரியராக இருந்தவர்; குறுக்கே பேசினால் பிடிக்காது. அவர் சொன்னதிலிருந்தே தொடங்கினேன். அந்தக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால ஐயங்கார் 1959இல் கொடுத்த அறிக்கை. அதே காலத்தில் அமெரிக்க செனட்டர் கெஃபாவரின் குழு, மருந்து விலை உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவையும் சேர்த்திருந்தது. 1972இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், மருந்துக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. வேறு வழியில் செய்யத் தெரிந்தவர் செய்துகொள்ளலாம். 2005இல் மருந்துக்கே காப்புரிமை என்ற பழைய கதவு மறுபடி திறந்தபோதும், சில தாழ்ப்பாள்களை விட்டுவைத்திருந்தார்கள். 2012இல் நெக்சாவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ நிறுவனம், காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் வாங்கியது. ஒரு மாத மருந்தின் விலை 2,80,000 ரூபாயிலிருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது.

படிக்கப் படிக்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் மாத்திரைகளுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அம்லோடிபினுக்கோ சர்க்கரைக்கான மெட்ஃபார்மினுக்கோ இன்று யாரிடமும் காப்புரிமை கிடையாது. எத்தனையோ கம்பெனிகள் செய்கின்றன. அப்படியும் ஒரே சரக்குக்குக் கடையில் இத்தனை விலை!

அடுத்து விலை ஆணையம். 1997இல் அமைந்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை வைக்கிறது. எப்படி வைக்கிறது என்று பார்த்ததும் சுருதி இறங்கிவிட்டது. 1995 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தயாரிப்புச் செலவு இவ்வளவு, அதன் மேல் இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். 2013 ஆணை செலவைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. சந்தையில் ஒரு சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் பிராண்டுகள் கடைக்காரருக்கு விற்கிற விலைகளின் சராசரி, அதன் மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம். அதுவே உச்ச விலை. அதாவது சந்தை என்ன விலை வைத்திருக்கிறதோ, அதையே சந்தைக்கு வரம்பாகத் திருப்பிக் கொடுப்பது.

அந்த வரம்பாவது அப்பாவுக்குக் கிடைக்கிறதா என்று அவருடைய சர்க்கரை மாத்திரையைப் பட்டியலில் தேடினேன். அது மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பட்டியலில் மெட்ஃபார்மின் இருக்கிறது. கிளிமெபிரைடும் இருக்கிறது. இரண்டும் கைகோத்தது இல்லை. இப்படிப்பட்ட கூட்டுகளுக்குக் கம்பெனி கம்பெனியாக, வலிமை வலிமையாக ஆணையம் தனி அறிவிக்கைகள் போடுகிறது. மாடத்திலிருந்து அட்டையை எடுத்துவந்து திரையோடு ஒட்டிப் பார்த்தபடி, அறிவிக்கை மேல் அறிவிக்கையாகத் துழாவினேன். அதே கூட்டு இருக்கும், மில்லிகிராம் வேறாக இருக்கும். மில்லிகிராம் பொருந்தினால் கம்பெனி வேறாக இருக்கும். கிளிமெபிரைடோடு வோக்ளிபோஸும் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு வரும், அப்பாவினுடையது வராது. பட்டியலுக்கு வெளியே இருக்கும் மருந்துக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை விலையேற்றிக்கொள்ளலாம் என்பது மட்டும் தெளிவாகக் கிடைத்தது.

காகிதம் கைவிட்டதும் ஆளைத் தேடினேன். ஊரில் நெடுங்காலம் மெடிக்கல் நடத்தி, கடையை மகனிடம் விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர். கொள்முதல் பில் ஒன்று காட்டுங்கள் என்றால் வீட்டுச் சேதி விசாரிப்பார். மார்ஜின் எவ்வளவு என்றால் சரிகை விலையைக் கேட்பார்.

"ஐயா, ஒரே ஒரு பில்."

"நீ இன்னா இன்கம்டாக்ஸா?"

மறுமுறை போனபோது அவரே கேட்டார்: "உங்கப்பா நெய்யற சேல எங்க போவுது?"

"காஞ்சிபுரத்துக்குத்தான், ஐயா."

"அங்க இன்னா பேர்ல விக்கறான்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பாவு அதே, ஊடை அதே. பேர் மாறுனா வெல மாறுது. மாத்திரையும் அதான். போய் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை. சேலை எடுக்க வருகிறவள் முந்தியை விரித்துப் பார்க்கிறாள், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறாள். மாத்திரையில் எழுதுகிறவர் ஒருவர், எடுத்துக் கொடுக்கிறவர் இன்னொருவர், காசு கொடுத்து விழுங்குகிறவர் மூன்றாமவர். இதைச் சொன்னதும் பெரியவர் எழுந்து உள்ளே போய், மடித்து மடித்துக் கிழிந்த பழைய பில் ஒன்றோடு வந்தார். கையில் கொடுக்கவில்லை, விரலால் காட்டினார். கம்பெனி ரெப் வந்து டாக்டரைப் பார்க்கிற சரக்கு 'எத்திக்கல்'. அதில் கடைக்காரருக்கு நிற்பது கொஞ்சம். ரெப் இல்லாமல் ஸ்டாக்கிஸ்ட் வழியாக நேரே வருவது 'ஜெனரிக்'. அந்த வரியில் கடைக்கு வந்த விலைக்கும் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கும் நடுவில் ஐந்தாறு மடங்கு. "இதுல இருவது பர்சென்ட் தள்ளுபடின்னு போர்டு வெச்சா ஜனங்க கையெடுத்துக் கும்பிடும்" என்றார்.

மலிவான மருந்து மலிவாகவே கடை வரை வருகிறது. எம்.ஆர்.பி. என்ற எழுத்து அங்கே காத்திருக்கிறது.

எழும்போது அப்பாவின் 'பவர்' பேச்சைச் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். "உங்கப்பா சொல்றது பொய்யில்ல. பழசு" என்றார். பெரியவர் இளவயதில் பார்த்த அரசு ஆஸ்பத்திரிகளில் மாத்திரை பெரிய டின்னில் வரும். கையால் எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். வீடு வருவதற்குள் பாதி பொடியாகிவிடும். என்ன மருந்து, எப்போது செய்தது என்பதற்கு அந்தக் காகிதத்தில் சாட்சி இருக்காது. நிறைய நாள் மாத்திரையே இருக்காது. வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டுதான்.

அதற்குப் பிறகு டெல்லியை விட்டுவிட்டுச் சென்னைப் பக்கம் திரும்பினேன். 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. இ.ஆ.ப. அதிகாரி பூர்ணலிங்கம் அதை உருவாக்கி எடுத்தவர்களில் முதன்மையானவர். கழகம் செய்தது எதுவும் மாயமில்லை. தேவையான மருந்துகளுக்கு ஒரே பட்டியல், பிராண்ட் பெயர் இல்லாமல் டெண்டர், மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பேரம், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் மருந்து ஒதுக்கீட்டைப் பதிய ஒரு பாஸ்புக். டின் போய் அரசு முத்திரை போட்ட அட்டை வந்தது இந்த ஏற்பாட்டில்தான். வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறாவிட்டால் சரக்கு திரும்புகிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதைப் பார்த்துத்தான் கழகம் அமைத்தன. அப்பாவின் நம்பிக்கை 1994க்கு முன்னால் நின்றுவிட்டது, மருந்து நகர்ந்துவிட்டது.

இதை அப்பாவிடம் சொன்னேன். "காஞ்சிபுரம் இருமல் மருந்து இன்னா ஆச்சு?" என்றார். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்த கோல்ட்ரிஃப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த விஷம். அது அரசு மருந்தல்ல அப்பா, பெயரும் விலையும் போட்டு விற்றது என்றேன். "அப்ப எதைத்தான் நம்பறது?" அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவர் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குத்தான் கம்பெனிகள் பெயர் சூட்டி விலை போடுகின்றன.

போட்டி மட்டும் போதாதா என்றும் பார்த்தேன். 2025 மார்ச்சில் எம்பாகிளிஃபுளோசின் என்ற சர்க்கரை மருந்தின் காப்புரிமை முடிந்தது. 60 ரூபாயை ஒட்டியிருந்த மாத்திரை, பல கம்பெனிகள் இறங்கியதும் சில பிராண்டுகளில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. போட்டி விலையை இறக்கும் என்பதற்கு இது சாட்சி. பழைய மருந்துகளில் போட்டிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் போட்டி நோயாளியிடம் நடப்பதில்லை, டாக்டர் மேஜையிலும் கடைக் கல்லாவிலும் நடக்கிறது. மருந்தின் பொதுப்பெயரையே எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி போட்டது. அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தது. டாக்டர்கள் கேட்ட கேள்வி அப்பாவின் கேள்விதான்: தரத்துக்கு யார் பொறுப்பு?

ஆகவே விலையை இறக்க வேண்டியவர் யார் என்றால், தரத்துக்குப் பொறுப்பேற்கத் துணிகிறவர். சராசரி போட்டு வரம்பு வைக்கும் ஆணையம் அதைச் செய்யாது. தனியாகக் கல்லா முன் நிற்கும் நெசவாளியால் முடியாது. மொத்தமாக வாங்கவும் சோதிக்கவும் முப்பது ஆண்டுப் பழக்கம் உள்ள மாநில அரசால் முடியும். 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தாயிற்று. விலை அங்கே இறங்கியிருக்கிறது. சோதனை முடிவையும் எந்த பேட்ச், எந்த நாள், தேறியதா என்று மக்கள் பார்க்கும்படி வைத்தால், 'பவர்' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் காசு எங்கள் வீட்டிலேயே மிச்சமாகும். அப்பா இப்போது ரத்த அழுத்தத்துக்கு அரசு அட்டையும் சர்க்கரைக்குக் கடை அட்டையுமாகப் பாதி வழியில் நிற்கிறார். மீதி வழி அரசு வர வேண்டியது.